பீரோ கதவுக்குள் ஒரு விஷன் போர்டு: ஒட்டுவதற்கு முன்னும் பின்னும்

ஆசைப்படுவதைப் படமாக ஒட்டி, தினமும் பார்க்க மாட்டிவைப்பதுதான் விஷன் போர்டு. 2019 ஜனவரியில் நான் செய்த முதல் போர்டில் ஒரு வீடு இருந்தது. முன்னால் புல்வெளி, வெள்ளை வேலி, கூரையில் புகைபோக்கி. ஈரோட்டு வெயிலில் யாருக்குப் புகைபோக்கி வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு கார். கடற்கரையில் இரண்டு கையையும் விரித்து நிற்கும் ஒல்லியான பெண். கட்டுக்கட்டாகப் பணம். நடுவில் "நம்பு" என்று ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்து. முழு சார்ட்டில் ஒட்டிப் படுக்கையறைச் சுவரில் செல்லோடேப் போட்டு மாட்டினேன். இரண்டு வாரம் தினமும் நின்று பார்த்தேன். அப்புறம் ஃபேன் காற்றில் ஒரு மூலை கழன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு வீடு ஒதுக்கும்போது பீரோவுக்குப் பின்னால் சுருண்டு கிடந்ததை மகள் இழுத்து எடுத்தாள். கடற்கரைப் பெண்ணைக் காட்டி, "இது யாரும்மா?" என்று கேட்டாள். சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது போர்டு 2024 சித்திரையில் செய்தது. அது இன்னும் இருக்கிறது, அதனால் சில காரியங்கள் நடந்தும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம், நீங்கள் செய்தால் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நான் பிடித்துக்கொண்ட ஒரே விஷயம் இது: வேண்டிய பொருளின் படத்தை ஒட்டாதீர்கள், அதற்காக நீங்கள் செய்யப்போகும் வேலையின் படத்தை ஒட்டுங்கள்.

படத்தைப் பார்த்தால் நடந்துவிடுமா?

பிரபஞ்சத்திடம் கேட்டால் கொண்டுவந்து கொடுக்கும் என்பார்கள். என் வீட்டு விலாசம் கூரியர்காரருக்கே சரியாகத் தெரிவதில்லை, அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். மனவியலாளர்கள் சோதித்துப் பார்த்த கதை வேறு.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினரை நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டதாகத் தினமும் கற்பனை செய்யச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை எங்கே உட்கார்ந்து, எப்போது, எப்படிப் படிக்கப்போகிறோம் என்பதைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். 1999-ல் அந்த முடிவு வெளியானது. படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் சீக்கிரமே படிக்க ஆரம்பித்தார்கள், மதிப்பெண்ணும் கூடுதலாக வாங்கினார்கள். மதிப்பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தவர்கள் படித்த நேரமே குறைந்துபோனது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் எட்டிங்கன் இன்னும் ஒரு படி போகிறார். அவரும் ஹெதர் காப்பஸும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களின் ரத்த அழுத்தம் இறங்கியது. ஒரு வேலைக்கு உடம்பு தயாராகும்போது ஏற வேண்டிய அழுத்தம் அது. சாப்பிட்டு முடித்த மாதிரி உடம்பு ஓய்ந்துவிடுகிறது. என் 2019 சார்ட் முன்னால் நான் அனுபவித்தது இந்தச் சுகம்தான்.

இதனால் நம்பிக்கையே கூடாது என்று ஆகாது. எடை குறைக்க வந்த பெண்களை வைத்து அவரே 1991-ல் செய்த ஆய்வில், "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை நன்றாகவே இறங்கியது. இறங்கிவிட்டதாகக் கனவு கண்டவர்களுக்குத்தான் குறைவாக இறங்கியது. இரண்டும் வேறு வேறு. போர்டு முதலாவதற்கு உதவ வேண்டும்.

படி 1: கத்தரிக்கோலைத் தொடாமல் ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள்

ஒரு நோட்டு, ஒரு பேனா, முக்கால் மணி நேரம். வீட்டில் யாரும் "அம்மா" என்று கூப்பிடாத நேரமாகப் பாருங்கள். அடுத்த வருஷம் இதே மாதத்தில் வரும் ஒரு செவ்வாய்க்கிழமையை, எழுந்ததில் இருந்து படுக்கும்வரை எழுதுங்கள். ஏன் செவ்வாய் என்றால், வெள்ளிக்கிழமைக்கு விளக்கு உண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குக் கறிக்குழம்பு உண்டு, திங்கட்கிழமைக்குப் புதிதாகத் தொடங்கும் வீராப்பு உண்டு. செவ்வாய்க்கு எதுவும் கிடையாது. வாழ்க்கை எப்படி இருக்கிறதோ அப்படியே தெரியும் நாள்.

நான் எழுதியபோது என்ன வந்தது தெரியுமா? காலையில் சர்க்கரை போடாத டீ. சாயங்காலம் மகளை டியூஷனில் விட, வீட்டுக்காரர் வரும்வரை வாசலில் நிற்காமல், நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவது. ஆஃபீஸில் இருந்து வரும் வழியில் பேக்கரியில் நிற்காமல் வருவது. ராத்திரி பீரோவைத் திறந்தால் உள்ளே என் வளையல்கள் இருப்பது. இரண்டரைப் பக்கம் எழுதினேன். அதில் எங்கேயும் புகைபோக்கி வைத்த வீடு வரவில்லை.

எழுதியதில் இப்போதைய செவ்வாய்க்கிழமையோடு ஒத்துப்போகாத இடங்களை அடிக்கோடு போடுங்கள். அவைதான் உங்களுக்கு மாற வேண்டியவை. எனக்கு ஐந்து வந்தது, அதில் மூன்றை எடுத்துக்கொண்டு, வெளியில் இருந்து நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். மூன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த நான்காவதின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 2: இது யாருடைய ஆசை?

எதிர்வீட்டு அக்கா என் போர்டைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தானும் செய்கிறேன் என்று எழுதிக்கொண்டு வந்தார். ஆறு வரி. மகனுக்கு இன்ஜினியரிங் சீட், மகளுக்கு நல்ல வரன், வீட்டுக்காரர் கடை பெரிதாவது, மாமியாருக்கு முட்டிவலி தீர்வது, இப்படியே ஆறும்.

"இதுல நீங்க எங்கக்கா?" என்றேன்.

"எனக்கென்ன கண்ணு, அவங்க நல்லா இருந்தாப் போதாதா" என்றார். டீ குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வலது கண்ணுல புரை இருக்குதுன்னாங்க. ஆபரேசன் பண்ணோணும். ரெண்டு வருசமாத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கறேன்" என்றார்.

நம் வீடுகளில், அதுவும் பெண்கள் போர்டு செய்தால், இது கட்டாயம் நடக்கும். அடுத்தவர் செய்ய வேண்டியதை நாம் ஒட்டிவைத்தால் அது வேண்டுதல், போர்டு அல்ல. வேண்டுதலுக்குக் கோயில் இருக்கிறது. சோதிப்பது சுலபம்: வாக்கியம் "நான்" என்று தொடங்கி, இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வினையில் முடிய வேண்டும். "மகன் நல்ல மார்க் வாங்கணும்" தேறாது. "ராத்திரி ஏழரைக்கு நான் டிவியை அணைப்பேன்" தேறும். அக்காவின் போர்டில் கடைசியில் ஒரே ஒரு படம்தான் இருந்தது: கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸின் முன்பக்கம், அவர் மகன் செல்போனில் எடுத்தது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது ஊசியில் நூல் கோக்கிறார்.

படி 3: ஆசையை வேலையாக்கி, வேலையைப் படமாக்குங்கள்

இந்த வழிகாட்டியிலேயே நேரம் பிடிக்கும் இடம் இதுதான். என் மூன்றையும் சொன்னால் உங்களுக்கு வழி பிடிபடும்.

முதலில் நகை. இரண்டு அடகு ரசீது. ஒன்றில் 30,000, இன்னொன்றில் 24,000. வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தோம். முதலில் கல்யாண ஆல்பத்தில் இருந்து வளையல் போட்ட என் கையைத்தான் ஒட்டலாம் என்று நினைத்தேன். அழகான படம். ஆனால் அதைப் பார்த்தால் பெருமூச்சுதான் வரும். அதற்குப் பதிலாக ரசீதின் ஜெராக்ஸை எடுத்து, கடன் எண், பெயர், போன் நம்பர் மூன்றையும் கறுப்பு மார்க்கரால் அடித்தேன். கீழே ஒரு கட்டம்கட்டமான தாள். ஒரு கட்டம் ஆயிரம் ரூபாய். 30-ம் 24-ம் சேர்த்து 54 கட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனிக்கணக்குக்கு ஆயிரம் போட்டால் ஒரு கட்டத்தைச் சிவப்பில் நிரப்ப வேண்டும். வட்டி தனி, அதை இதில் கலக்கவில்லை. படம் என்று பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டத்தைப் பார்த்தால் கை பேனாவைத் தேடும்.

இரண்டாவது சர்க்கரை. மூன்று மாத சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி சோதனையில் 6.1 வந்திருந்தது. 5.7-க்கும் 6.4-க்கும் நடுவில் இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். டாக்டர் ராத்திரி சாப்பிட்டபின் நடக்கச் சொன்னார். ஒல்லியான பெண் படம் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். வாசற்படியில் என் ஷூவை வைத்து, உள்ளே சாக்ஸைச் செருகி, ராத்திரி எட்டே காலுக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் நானே எடுத்த படம். ஓரத்தில் கணவரின் ரப்பர் செருப்பும் விழுந்திருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஸ்கூட்டர். 44 வயதில். கடைக்காரர் விளம்பரத்தில் துப்பட்டா பறக்க ஓட்டும் பெண் படம் நிறையக் கிடைக்கும். எனக்கு வேண்டியது எட்டு. ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட வேண்டும், கால் ஊன்றக்கூடாது. எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை இருக்கிறது. அதில் கோலமாவால் பெரிதாக ஓர் எட்டு வரைந்து, மொட்டை மாடியில் இருந்து படம் எடுத்தேன். பக்கத்திலேயே பழகுநர் உரிமம் (எல்எல்ஆர்) வாங்கிய தேதி. எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போகலாம், 6 மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். இந்த இரண்டு தேதியையும் சிவப்பில் எழுதியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கலக்கினால் நல்ல படம் என்று அர்த்தம்.

உங்களுக்கும் இதே சூத்திரம்தான். வேலை மாற ஆசையா? கண்ணாடிக் கட்டடம் வேண்டாம், ராத்திரி ஒன்பதுக்கு லேப்டாப்பும் பயிற்சி நோட்டும் விரித்து வைத்த உங்கள் சாப்பாட்டு மேசை. குடியை விட ஆசையா? சாயங்காலம் ஆறரைக்கு நீங்கள் திரும்ப வேண்டிய அந்த வேறு தெருவின் முனை.

படி 4: தடைக்கும் ஒரு படம் வையுங்கள்

யாரும் இதைச் செய்வதில்லை. போர்டில் நல்லது மட்டும்தான் இருக்க வேண்டும், கெட்டதை ஒட்டினால் அது நடந்துவிடும் என்று பயம். ஆனால் எட்டிங்கன் சொல்லும் முறையின் உயிரே இதுதான்: ஆசையை நினை, அது நடந்தால் வரும் நன்மையை நினை, உடனே உனக்குள் இருந்து எது குறுக்கே நிற்கும் என்று நினை, அது வந்தால் என்ன செய்வாய் என்று முடிவு செய்துகொள். மூன்றாவதைத் தாண்டிக்கொண்டு ஓடினால் முதல் இரண்டும் பகல் கனவுதான்.

"இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்" என்று முன்கூட்டி முடிவு செய்வதை ஆராய்ந்தவர் பீட்டர் கோல்விட்ஸர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் இப்படிப்பட்ட 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் உறுதியை விட, இந்த மாதிரி இடமும் நேரமும் குறித்த முடிவு காரியத்தைக் கணிசமாக நடத்தித் தருகிறது என்று வந்தது. சமயம் வரும்போது யோசிக்க வேண்டியதில்லை, முன்பே யோசித்தாயிற்று, அவ்வளவுதான் சூட்சுமம்.

என் தடை பேக்கரி. கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தெருவுக்கு ஒன்று உண்டு. சாயங்காலம் ஐந்தே முக்கால், பசி, ஒரு டீ, டீயோடு தேங்காய் பன், கூட வேலை செய்பவர்களின் பேச்சு. பன்னை விட அந்தப் பேச்சுதான் இழுக்கும். பேக்கரியின் கண்ணாடி அலமாரியைப் படம் எடுத்து ஷூ படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அடியில்: "நின்னாச்சுன்னா, சர்க்கரை இல்லாம டீ, கையில சுண்டல் டப்பா." பேக்கரிக்கே போகமாட்டேன் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் பொய்யாகியிருக்கும்.

ஸ்கூட்டருக்குத் தடை, சொல்லித்தருபவர். வீட்டுக்காரரிடம் வண்டி பழகிய எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். "பிரேக்... பிரேக்குங்கறேன்!" என்ற சத்தத்தில் பிரேக் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிடும். அதற்கு நான் எழுதியது: "சத்தம் போட்டா, வண்டியை ஓரங்கட்டிட்டு, நாளைக்கு ஓட்டுநர் பள்ளி அக்காவுக்குப் போன்." போட்டேன். 8 வகுப்பு.

படி 5: படமும் சாமானும்

பழைய இதழ்களில் வெட்டலாம். பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். ஆனால் இதழில் இருப்பது இன்னொருவர் வாழ்க்கை. முடிந்தவரை உங்கள் செல்போனில், உங்கள் வீட்டில், உங்கள் கை கால் தெரிய எடுங்கள். ஸ்டூடியோவிலோ கலர் பிரிண்ட் கடையிலோ 4-க்கு 6 அங்குலத்தில் போட்டால் போதும். வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி மங்கலாக வரும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

அடிப்பலகைக்கு முழு சார்ட் வேண்டாம். 22-க்கு 28 அங்குலம், அதை நிரப்பவே பத்து ஆசையை இழுத்துக்கொண்டு வருவீர்கள். நான் எடுத்தது போன வருஷத்துத் தினசரி காலண்டரின் அட்டை. தாள் முழுதும் கிழித்தபின் தகரப்பட்டையையும் ஆணியையும் கழற்றிவிட்டால் நல்ல தடிமனான அட்டை மிஞ்சும். முன்பக்கம் முருகன் இருந்தார். சாமி படத்தின் மேல் பசை தடவ மனசு வருமா? பின்பக்கம் வெறும் பழுப்பு அட்டைதானே, அதில் ஒட்டினேன். பின்னால் முருகன் இருப்பது கூடுதல் தைரியம்.

இதழ்த் தாள் என்றால் ஃபெவிகால் வேண்டாம், ஈரத்தில் சுருங்கிப்போகும். பசைக்குச்சி நல்லது. வீட்டில் மைதா காய்ச்சி ஒட்டினால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் வந்து முதலில் உங்கள் கனவைத்தான் தின்னும்.

படி 6: அடுக்கிப் பார்த்து, ஒரு ராத்திரி விட்டுவிட்டு ஒட்டுங்கள்

எல்லாவற்றையும் அட்டையின் மேல் ஒட்டாமல் பரப்புங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அந்தப் படத்தைப் பார்த்தால் எது உறுத்துகிறது, எது வேண்டாத இடத்தை அடைக்கிறது என்பது சட்டென்று தெரியும். ஒவ்வொரு வேலைப் படத்துக்கும் தடைப் படம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அட்டையில் நான்கில் ஒரு பங்கு காலியாகவே இருக்கட்டும். நடுவில் என்ன, மூலையில் என்ன, எந்தத் திசைக்கு எந்த நிறம் என்பதெல்லாம் உங்கள் விருப்பம், எனக்கு அதில் ஈடுபாடு இல்லை.

மாறக்கூடியதை நிரந்தரமாக ஒட்டாதீர்கள். கட்டத் தாள், தேதிச் சீட்டு இவற்றைக் கிளிப்பிலோ காந்தத்திலோ நிறுத்துங்கள்.

எழுத்து குறைவாக, உங்கள் கையெழுத்தில், நீங்கள் வீட்டில் பேசுகிற பேச்சில் இருக்க வேண்டும். "ஆரோக்கியமே செல்வம்" என்பது பள்ளிக்கூடச் சுவருக்கு. என் அட்டையில் ஷூவுக்கு அடியில் இருப்பது: "எட்டே கால். பாத்திரம் அப்புறம் கழுவிக்கலாம்." இதைப் படித்தால் நான் எதை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. பாத்திரம்தான் என்னை வீட்டிலேயே கட்டிப்போட்டிருந்தது.

படி 7: எங்கே மாட்டுவது

எங்கள் பக்கம் சித்திரை முதல் நாள் கனி வைப்போம். முந்தின நாள் ராத்திரியே தட்டில் மா, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, நகை, காசு எல்லாம் வைத்து, பின்னால் ஒரு கண்ணாடியை நிறுத்திவிடுவார் அம்மா. விடியற்காலையில் எங்கள் கண்ணைப் பொத்தி நடத்திக் கூட்டிப்போய், "கனியில முழி கண்ணு" என்பார். கையை எடுத்தால் பழம், பொன், எல்லாவற்றுக்கும் நடுவில் தூக்கம் கலையாத என் முகம். 2024 ஏப்ரல் 14 அன்று நானே என் மகளுக்குக் கனி வைக்கும்போது நகைக்கு என்ன செய்வது என்று தவித்தேன். வளையல் அடகில். கவரிங்கை வைத்தேன். இரண்டாவது போர்டு தொடங்கியது அன்றைக்கு மத்தியானம்தான்.

கனி சொல்லித்தந்தது இடத்தைப் பற்றி: காலையில் கண் தானாகப் போய் விழும் இடம் வேண்டும். ஆனால் ஹால் வேண்டாம். வருகிறவர் போகிறவர் எல்லாம் "அட, ஸ்கூட்டரா, இந்த வயசுலயா" என்பார்கள். கண் படும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். கோல்விட்ஸரே 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தான் என்னவாக ஆகப்போகிறோம் என்பதை அடுத்தவர் கேட்டுத் தலையாட்டிவிட்டால், அதற்காக உழைப்பது குறைகிறது என்று காட்டியிருக்கிறார். சொன்னதிலேயே பாதி ஆகிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது.

வாடகை வீடு வேறு. ஆணி அடித்தால் ஓனருக்குச் சுவர் வலிக்கும், டபுள் சைடு டேப் ஒட்டினால் பெயிண்ட் உரிந்து வரும். யோசித்து யோசித்து இரும்பு பீரோவில் வந்து நின்றேன். கதவின் உள்பக்கம். தினமும் காலையில் புடவை எடுக்கத் திறந்தே ஆக வேண்டும். இரும்பு என்பதால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் நான்கு போதும், ஆணியும் வேண்டாம் பசையும் வேண்டாம். மூடினால் யாருக்கும் தெரியாது. என் விஷயத்தில் இன்னொரு பொருத்தம், நகைப்பெட்டி இருந்த தட்டுக்கு நேர் எதிரே அட்டை. மர அலமாரி என்றால் உள்பக்கம் குண்டூசி குத்தலாம்.

செல்போன் வால்பேப்பராக வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். ஒரு நாளைக்கு நூறு தடவை பார்ப்பதால் மூன்றாம் நாளே கண்ணில் படாமல் போய்விடும்.

படி 8: மாட்டிய பிறகு

காலையில் ஒரு நிமிடம். கண்ணை மூடிப் பூரிக்க வேண்டாம். படம் படமாகப் பார்த்து, "இன்னைக்கு இது எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்தப் படத்துக்கு இன்று வேலை இல்லை, அடுத்ததற்குப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம். கட்டம் நிரப்புவது, தேதி திருத்துவது, தடை மாறியிருந்தால் படத்தை மாற்றுவது. என் தடை ஜூனில் பேக்கரியில் இருந்து ஸ்கூல் ஃபீஸுக்கு மாறியது. மூன்று வெள்ளிக்கிழமை கட்டம் காலி. காலியாகவே விட்டேன், பின்னால் இரட்டிப்பாகப் போடுவேன் என்று எழுதிக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் நடக்க முடியாமல் போனபோது ஷூ படத்தைக் கழற்றி, மொட்டை மாடிப் படிக்கட்டின் படத்தை வைத்தேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை படங்களை இடம் மாற்றியாவது வையுங்கள். ஒரே இடத்தில் இருந்தால் கண் அதைச் சுவராக எண்ணிவிடும்.

21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு சின்னப் பழக்கம் யோசிக்காமல் நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாளில் இருந்து 254 நாள்வரை கணக்கு போனது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. எனக்கு நடை மூன்றாவது மாதம்தான் படிந்தது. அடுத்த வருஷச் சோதனையில் 6.1 என்பது 5.8 ஆகியிருந்தது. மாத்திரை இல்லை, டாக்டர் சொன்ன சாப்பாடும் நடையும்தான். உங்களுக்கு எது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

படி 9: கழற்றுவது

இதற்கும் ஒரு முறை வேண்டும். அந்த நான்காவது ஆசை, காலையில் நாலரைக்கு எழுவது. எல்லோரும் ஒட்டுகிறார்களே என்று நானும் ஒட்டினேன், அலாரம் கடிகாரத்தின் படம். என் செவ்வாய்க்கிழமையில் அது வரவே இல்லை, வெளியில் இருந்து வந்து உட்கார்ந்துகொண்டது. நாற்பது நாள் பார்த்தேன். எழுந்தது ஐந்து நாள், அந்த ஐந்து நாளும் மத்தியானம் கணக்குப் புத்தகத்தின் மேல் தூங்கி வழிந்தேன். கழற்றிவிட்டேன். தோல்வி என்று அதை நினைக்கவில்லை, அட்டையில் இடம் கிடைத்தது.

முடிந்த படத்தையும் கழற்றுங்கள். சாதனைக்கு அடையாளமாக அங்கேயே வைத்திருந்தால் போர்டு கொலுப்படி ஆகிவிடும். பின்னால் தேதி எழுதி ஓர் உறையில் போடுங்கள். என் உறையில் கோலமாவு எட்டு இருக்கிறது, 2024 செப்டம்பர் 9 என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது தடவைதான் தேறினேன், முதல் தடவை கடைசி வளைவில் இடது கால் தானாகக் கீழே போய்விட்டது. 30,000 ரசீதும் அதே உறையில் இருக்கிறது, 2025 பிப்ரவரி. அன்றைக்கு வளையலை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில்தான் வீட்டுக்கு வந்தேன், பேக்கரியில் நின்று ஒரு டீயும் குடித்தேன், தேங்காய் பன்னோடு.

அட்டையில் இப்போது ஷூவும் இரண்டாவது ரசீதும் கட்டத் தாளும் மட்டும்தான். இன்னும் 9 கட்டம் பாக்கி. இந்த மாதம் வட்டித் தேதி 18, அதைப் பென்சிலில் ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.